பிள்ளை அழாத காலை

அந்த முகாமில் மணி அடிக்க மறந்தாலும் பரவாயில்லை, சின்னப் போதகர் வாயைத் திறந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். சின்னப் போதகர் என்பது எட்டு வாரக் கைக்குழந்தை. அந்தப் பெயரை வைத்தவர் சமையல்காரர். "பெரியவங்க அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேக்காது. இவரு ரெண்டு நிமிஷம் பேசினா ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேக்குது" என்று அவர் சொன்னது முகாம் முழுக்கப் பரவியது. பிள்ளையின் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லாமல் போயிற்று. பெற்றவளுக்கே சில நேரம் வாயில் அதுதான் வந்தது.

பெற்றவளுக்கும் முகாமில் ஒரு பெயர் உண்டு, பலகையக்கா. ஏரிக்கரையில் ஒரு பெரிய மரப்பலகை நட்டிருக்கிறது. அதில் அறுபத்திரண்டு ஆணிகள், ஆணிக்கொன்றாக எண் போட்ட வில்லைகள். வில்லைக்கு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. தண்ணீரில் இறங்கும் பிள்ளை தன் வில்லையைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், கரையேறியதும் வெள்ளைக்கு மாற்ற வேண்டும். நேரம் முடிந்த பிறகு பலகையில் ஒரே ஒரு சிவப்பு மிஞ்சினாலும் அவள் விசிலை ஊதி ஊரைக் கூட்டிவிடுவாள். ஐந்து வருஷமாக அந்தப் பலகை அவள் பொறுப்பு. எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, எதற்கு வேர்க்கடலை ஆகாது, எது படுக்கையை நனைக்கும், எது அம்மாவை நினைத்துப் போர்வைக்குள் அழும் என்றெல்லாம் நோட்டைப் பார்க்காமலே சொல்வாள்.

அவள் கணவன்தான் முகாமுக்குத் தலைவர். விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வேதம் சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் முழுநேர ஊழியம். "நான் ஊழியத்துக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன், இவர் இனாமா வந்தவர்" என்று அவள் கிண்டலாகச் சொல்வதுண்டு. பிரசவம் முடிந்த கையோடு மாமியார் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த ஒரு வருஷமாவது வீட்ல இரும்மா. முகாம் எங்க ஓடிப்போகுது?"

"பிள்ளையே ஆண்டவர் குடுத்ததுதானே அத்தை. அவர் வேலையை விட்டுட்டு அவர் குடுத்ததைக் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கிறதா?"

சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. 

முகாம் தொடங்கி மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் சின்னப் போதகர் காலைப் பிரசங்கத்தில் கத்தினார், மதிய வகுப்பில் கத்தினார், மாலைப் பாட்டில் எல்லாரையும் விட ஒரு சுருதி ஏற்றிக் கத்தினார். பலகையக்காவிடமிருந்து கணவனுக்கு, அவனிடமிருந்து சமையல்காரருக்கு, அவரிடமிருந்து பாட்டு சொல்லித்தருபவளுக்கு, அவளிடமிருந்து நர்ஸம்மாவுக்கு என்று பிள்ளை கை மாறிக்கொண்டே இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் வளர்க்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று எல்லாருமே நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை ஊழியர்கள் மட்டும் கூடி ஜெபிக்கும் நேரத்தில், வெளியிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "நம்ம சின்னவருக்காகவும் ஜெபிப்போமே. ஆண்டவர் அவருக்கு நல்ல தூக்கம் தரட்டும். நமக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. அத்தனை தூரம் பயணம் செய்து வந்த மனுஷர், மூன்று நாளாக ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை, தன் பிள்ளையால். அன்று எல்லாரையும் விட உருகி ஜெபித்தவள் அவள்தான். ஆண்டவரே, நாளைக்கு ஒரே ஒரு நாள், அவன் சத்தம் போடாமல் இருக்கட்டும்.

மறுநாள் காலை பிள்ளை சத்தம் போடவில்லை.

விடியலில் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மார்பிலேயே தூங்கிப்போனான். பாடல் நேரம் வந்தது, தூங்கினான். உணவுக்கூடத்தில் யாரோ ஒரு பையன் தட்டுகளை அடுக்கோடு போட்டு உடைத்தான். காது கிழிந்தது, பிள்ளை இமைகூட அசைக்கவில்லை. "பார்த்தியா!" என்று கணவன் கண்ணாலேயே கேட்டான். சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

காலைச் சாப்பாட்டின் முடிவில் சாட்சி சொல்வது அந்த முகாமின் வழக்கம். ஜெபித்தது கிடைத்தவர்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கணவன் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். தோளில் பிள்ளையோடு அவள் எழுந்து நின்றாள். "நேத்து நாம கேட்டோம், இன்னைக்கு ஆண்டவர் குடுத்துட்டார். இதோ பாருங்க, ஸ்தோத்திரம்" என்றாள். அறுபத்திரண்டு பிள்ளைகளும் கைதட்டினார்கள். கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவன் எழவில்லை, அதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அங்கே யாருக்காவது நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். ஒருவருக்கும் இல்லை. கேட்டது கிடைத்த வீட்டில் யார் போய்க் கேள்வி கேட்பார்கள்? சமையல்காரர் மட்டும் பாத்திரம் கழுவும் இடத்தில், "அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? இது எப்ப குடிக்கும்?" என்று உதவிக்கு நின்றவளிடம் கேட்டாராம். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று பிற்பாடு அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். தண்ணீரில் இறங்கும் முன் வட்டமாக நின்று ஜெபம். அந்த ஜெபத்தில் ஊழியர்கள் யாரும் கண் திறக்கக்கூடாது. பெரியவர்கள் திறந்தால் அறுபத்திரண்டும் திறக்கும், திறந்தால் தள்ளிவிடும், சிரிக்கும். ஆகவே பலகையக்கா இறுக்கி மூடுவாள். அவளுக்கு இடப்பக்கம் கணவன் நின்றான். பிரசங்கியார் தொடங்கினார். மூன்று நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அவர் ஜெபிக்கிறார் என்று தோன்றியது, அவ்வளவு நீளம்.

பாதியில் இடப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்தன. ஒன்று பிள்ளையின் தலைக்குக் கீழே போயிற்று, மற்றது முதுகுக்கு. கை வலிக்கும் நேரம் பார்த்து இப்படி வாங்கிக்கொள்வது கணவனுக்குப் பழக்கம். அவளும் பழக்கமாக உடம்பைத் தளர்த்திக் கொடுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. தோள் லேசானது. நன்றி ஆண்டவரே என்று அதையும் ஜெபத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஆமென்" என்று எல்லாரும் முழங்க, பிள்ளைகள் பலகையைப் பார்த்துப் பாய்ந்தார்கள். வில்லைகள் டக் டக்கென்று சிவப்பாயின. அவள் இடப்பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

கணவன் இருபது அடி தள்ளித் தண்ணீர் ஓரத்தில் குனிந்து, எல்லைக் கயிறு அவிழ்ந்திருந்ததைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பிள்ளை எங்க?"

அவன் நிமிர்ந்தான். "உன்கிட்டதானே இருந்தான்?"

யாருக்குக் கொடுத்தேன்? கை ஆண் கையா பெண் கையா? மோதிரம் இருந்ததா? ஒன்றும் தெரியவில்லை. கொடுத்தது மட்டும் தெரிந்தது. பாட்டு சொல்லித்தருபவள் வெறுங்கையோடு நின்றாள். சமையல்காரர் வெறுங்கையோடு நின்றார். பிரசங்கியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை தானாகத் தண்ணீருக்குப் போயிற்று. படகுத்துறைப் பலகைகள், கீழே பச்சைத் தண்ணீர், அதில் முப்பது தலைகள். அவள் விசிலை ஊதினாள். ஊதி முடித்த பிறகும் வாயிலிருந்து எடுக்கத் தோன்றாமல் மறுபடி ஊதினாள்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"பிள்ளை யார்கிட்ட?" என்று கத்தினாள். "யாரு வாங்கினீங்க? சொல்லுங்க!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறுபத்திரண்டு பிள்ளைகளையும் நொடியில் எண்ணுகிறவளுக்கு ஒரு பிள்ளை கணக்கில் வரவில்லை. அவனுக்குப் பலகையில் ஆணியே கிடையாது. அவள் துறைப் பக்கம் ஓடினாள், குனிந்து பலகை இடுக்கில் பார்த்தாள், திரும்ப வில்லைப் பலகையிடம் ஓடிவந்தாள். கால் எங்கே போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது மேட்டின் மேலிருந்து குரல் வந்தது. முதலுதவி அறை வாசலில் நர்ஸம்மா நின்று கையை வீசினாள். "இங்கதான்! இங்க வாம்மா, சீக்கிரம்!"

உயிர் வந்தது என்று அவள் நினைத்தாள். அந்த நிம்மதி மேடு ஏறி முடிக்கும் வரைதான்.

அறைக்குள் மேசை மேல் பிள்ளை சட்டையில்லாமல் கிடந்தான். கைகால் அகலமாக விழுந்து கிடந்தன. நர்ஸம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "ஜெபத்துல உன் வீட்டுக்காரர் கயிறு கட்டப் போனதும் அந்த இடத்துல வந்து நின்னேன். என் முழங்கை அவன்மேல பட்டுச்சு, அடுப்பு மாதிரி கொதிச்சுது. ஜெபம் நடக்கும்போது எப்படிம்மா பேசுறது? அதான் சத்தம் போடாம வாங்கிட்டு வந்தேன். நூத்தி மூணு காட்டுது. எப்பலேர்ந்து சுடுது?"

ஜெபம் முழுக்க அவன் தன் தோளில்தான் இருந்தான். அதற்கு முன் பாட்டு நேரத்தில், சாப்பாட்டில், சாட்சியில் எல்லாம் தோளில்தான் இருந்தான். தோள் சுட்டது, வெயில் என்று நினைத்திருந்தாள்.

"எட்டு வாரப் பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் ஆகாதும்மா. இங்க வச்சுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, இப்பவே."

நர்ஸம்மா முகாமை விட்டு நகரக்கூடாது என்பது விதி. தலைவனும் தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது கரையை விட்டுப் போகக்கூடாது. "எல்லாரையும் கரையேத்திட்டு, உன் பலகையைப் பார்த்துட்டு வந்துடறேன். நீ போ, நான் பின்னாலயே வரேன்" என்றான் கணவன். அவள் அவனைப் பார்க்காமலே வண்டியில் ஏறினாள். சமையல்காரர் மாவுக் கையோடு ஓட்டினார். நாற்பது நிமிஷப் பாதை. அவர் வழியெல்லாம் "ஒண்ணும் ஆகாது தாயி, ஒண்ணும் ஆகாது" என்றார், ஒவ்வொரு முறையும் வண்டியை இன்னும் விரட்டினார். அவள் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விரலில் மூச்சு பட்டது. அடுத்த மூச்சு படும்வரை அவள் மூச்சு விடவில்லை.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். கை வேலை செய்துகொண்டே வாய் கேள்வி கேட்டது.

"கடைசியா எப்ப பால் குடிச்சான்?"

"விடியக்காலைல... கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு வாய்."

"அதுக்கு முன்னாடி?"

முந்தின மாலை கூட்டம் முடியட்டும் என்று பாட்டு சொல்லித்தருபவளிடம் கறந்து வைத்த தன் பாலைக் கொடுத்திருந்தாள். குடித்தானா? கேட்கவில்லை. ராத்திரி அவன் பாலுக்கு எழவும் இல்லை.

"கடைசியா எப்ப மூத்திரம் போனான்?"

டயப்பரை மாற்றியது நர்ஸம்மாவா, கணவனா? தான் மாற்றவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

"எத்தனை மணியிலேர்ந்து இப்படிச் சோர்ந்து கிடக்கிறான்?"

அவள் அழுதுவிட்டாள். "எனக்குத் தெரியலையே டாக்டர். நல்லாத் தூங்கறான்னு நினைச்சேன். நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம்."

டாக்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "கேட்டுச் சொல்லுங்க. எங்களுக்கு வேணும்" என்றார்.

வராந்தாவில் நின்று முகாமுக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு பேரிடமும் கேட்டுச் சொல்லச் சொன்னாள். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாலைப் பாலைப் பிள்ளை குடிக்கவில்லை, நீங்க வந்ததும் குடிப்பான்னு நினைச்சேன் என்றாள் பாட்டு சொல்லித்தருபவள். ராத்திரி எட்டு மணிக்கு டயப்பர் மாத்தினேன், லேசா ஈரம், அவ்வளவுதான் என்றாள் நர்ஸம்மா. விடியற்காலை தூக்கினபோது உடம்பு கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்துச்சு, போர்வைச் சூடுன்னு விட்டுட்டேன் என்றாள் மாணவிகள் விடுதியைப் பார்த்துக்கொள்பவள். எல்லாருக்கும் ஒரு துண்டு தெரிந்திருந்தது. முழுப் பிள்ளையையும் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

அவள் அதையெல்லாம் டாக்டரிடம் போய் ஒப்பித்தாள். அவர் தலையசைத்துவிட்டு, "ரத்தத்துல தொற்று இருக்கலாம், மூளைக்காய்ச்சலாவும் இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். மருந்து இப்பவே ஏத்திடறோம்" என்றார்.

"பிழைச்சுக்குவானா டாக்டர்?"

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

கதவு சரியாக மூடவில்லை. இடுக்கு வழியே அவள் பார்த்தாள். ஒரு நர்ஸ் பிள்ளையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள், வாழைத்தண்டு போன்ற அந்த முதுகில் ஊசி இறங்கியது. பிள்ளை அழவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் கோணிற்று.

அழுடா, என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அழுடா கண்ணு, கத்துடா. முந்தின மாலை எத்தனை உருக்கமாக எதைக் கேட்டாளோ, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி இப்போது கெஞ்சினாள். நான் கேட்டது எனக்கு வேண்டாம். தெரியாமல் கேட்டுவிட்டேன். ஏன் கொடுத்தீர்? நடுவில் அவளுக்கு ஒரு பயம் வந்தது, ஊசியை விடப் பெரிய பயம். நிஜமாகவே இது தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தானா? சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சமையல்காரர் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கணவன் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கால்சட்டை முழங்கால் வரை ஈரம், காலில் ஒரு செருப்புதான் இருந்தது. "ஒரு வில்லை சிவப்பாவே இருந்துச்சு. ஒரு பொண்ணு திருப்ப மறந்துட்டு ரூமுக்குப் போயிடுச்சு. அவளைத் தேடி..." என்று தொடங்கினான்.

"அடுத்தவங்க பிள்ளையைக் கண்டுபிடிச்சுட்டீங்க இல்ல? சந்தோஷம்" என்றாள்.

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தான். சொன்ன பிறகு அவளுக்கும் வலித்தது. அவன் இடத்தில் இருந்திருந்தால் தானும் அந்தப் பெண்ணைத் தேடித்தான் போயிருப்பாள். அது தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

மதியம் போயிற்று. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. நூற்று மூன்று நூற்று இரண்டாயிற்று. மறுபடி மூன்றாயிற்று. நாலரை மணிக்கு நூற்று ஒன்று. ஐந்தே காலுக்கு டயப்பர் நனைந்திருந்தது. வார்டு நர்ஸ் அதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து, "நல்லாப் போயிருக்கான்" என்றாள். வேதத்திலிருந்து எத்தனையோ அற்புதங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அவன், அந்த ஈர டயப்பரைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். சிறிது நேரத்தில் நர்ஸ் ஊசி குத்தியிருந்த கையைத் துடைத்தபோது பிள்ளையும் அழுதான். மெலிசான அழுகைதான், படுக்கையைத் தாண்டாது. அவள் குனிந்து காதை அவன் வாயருகே வைத்துக் கேட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். தண்டுநீர் முதல் பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது, ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாளாகும், அதுவரை தைரியமாக ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும். தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க. எழுப்பி எழலைன்னா உடனே மணியை அடிங்க."

அவர் போனதும் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முகம் வெகுநேரம் கழித்துத் தெளிந்திருந்தது. "முகாம்ல எல்லாரும் மதியம் சாப்பிடாம ஜெபம் பண்ணியிருக்காங்கம்மா. இப்ப ஏழு மணிக்குக் கூட்டம். போன்லயே சாட்சி சொல்லிடலாமா? பிள்ளைங்க எல்லாம் பயந்து போயிருக்கும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"ஆண்டவர் கேட்டாருன்னு..."

"காலைலயும் அதைத்தாங்க சொன்னோம்." அவள் குரல் உயரவில்லை. "என் பிள்ளை நூத்தி மூணு காய்ச்சல்ல நினைவில்லாம கிடந்தான். நான் அவனைத் தூக்கிக் காட்டி ஸ்தோத்திரம் சொன்னேன். அறுபத்திரண்டு பிள்ளைங்க கை தட்டுச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுவீங்களா?"

அவன் போனை எடுத்துக்கொண்டான். பிறகு வராந்தாவுக்குப் போனான். கதவு வழியே அவன் பேசியது அவளுக்குக் கேட்டது. "கூட்டம் வேணாம் இன்னைக்கு. பிள்ளைங்களைச் சீக்கிரம் படுக்க வைங்க... இல்ல, இன்னும் தெரியல. பயமாத்தான் இருக்கு. ஆமா, அப்படியே சொல்லுங்க. அண்ணனுக்கும் அக்காவுக்கும் பயமா இருக்குன்னு சொல்லுங்க."

அவன் திரும்பி வந்து பிள்ளையின் காலடியில் உட்கார்ந்தான். ஆறே முக்காலுக்குப் பிள்ளை பால் குடித்தான். நன்றாகவே குடித்தான், பாதியில் இளைப்பாறி மறுபடி குடித்தான். பிறகு தூங்கினான். காய்ச்சல் தணிந்து, உதடு லேசாகப் பிரிந்து, உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் தூங்குகிற மாதிரித் தூங்கினான். "கொஞ்சம் சாய்ஞ்சுக்கோ. அவன்தான் அமைதியாத் தூங்கறானே" என்றான் கணவன்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அவள் எழுந்துவிட்டாள். அடுத்த பாலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பிள்ளையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகச் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, காலை இழுத்துக்கொண்டு, சிணுங்கினான்.

"தூங்கட்டுமேம்மா" என்றான் அவன்.

சிணுங்கல் அடங்கியது. அறை மறுபடி அமைதியாயிற்று. அவள் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி சுண்டினாள்.